வாங்குவதா, விடுவதா: புதுக் கத்தோலிக்கருக்கு ஒரு கடைவீதி வழிகாட்டி

வாட்ஸ்அப்பில் ஒரு பட்டியல் வரும். அறுபது சின்னங்கள், எல்லாவற்றின் மேலும் சிவப்புக் கோடு, அடியில் "இதை வாங்கினால் நீங்களும் கருக்கலைப்புக்கு உடந்தை" என்று ஒரு வரி. அடுத்த மாதம் காசாவுக்காக வேறொரு பட்டியல். அதற்கடுத்த மாதம், குடும்பத்தைக் குலைக்கும் விளம்பரம் போட்டார்கள் என்று மூன்றாவது. ஈஸ்டர் திருவிழிப்பில் திருமுழுக்குப் பெற்று ஆறு மாதம்கூட ஆகாத ஒருவர் இந்த மூன்றையும் மனத்தில் வைத்துக்கொண்டு பினாங்கில் ஒரு பேரங்காடிக்குள் தள்ளுவண்டியோடு நுழைந்தால், பற்பசைகூட எடுக்கக் கை வராது.

இதற்குத் திருச்சபையில் பழைய முறை ஒன்று இருக்கிறது. அது பட்டியல் அல்ல, வரிசையாகக் கேட்க வேண்டிய சில கேள்விகள். குறை எதில் இருக்கிறது? அது உண்மையா? என் மனம் எங்கே நிற்கிறது? நான் எவ்வளவு தூரத்தில் நிற்கிறேன்? வாங்க என்ன காரணம்? என்னைப் பார்ப்பவர் என்ன நினைப்பார்? இந்த வரிசை முக்கியம். அடுத்தவர் என்ன நினைப்பாரோ என்று கடைசிக் கேள்வியை முதலில் கேட்பவர்கள்தான் அதிகம் குழம்புகிறார்கள்.

இரண்டு குறுக்கு வழிகளை முதலிலேயே அடைத்துவிடலாம். "காசு கொடுத்தேன், சாமான் வாங்கினேன், இதில் சாமிக்கு என்ன வேலை" என்பது ஒன்று. வாங்குவது வெறும் பொருளாதாரக் காரியம் அல்ல, எப்போதுமே அறநெறி சார்ந்த செயல் என்று திருத்தந்தை 16ம் பெனடிக்ட் 2009-இல் தமது சுற்றுமடலில் எழுதினார். 2015-இல் திருத்தந்தை பிரான்சிஸ் அதையே எடுத்துச் சொன்னார். மற்றொன்று, "தப்பான கம்பெனியின் எதைத் தொட்டாலும் பாவம்" என்பது. கொரிந்தியருக்கு எழுதிய முதல் திருமுகத்தின் 8, 10 அதிகாரங்களை வாசியுங்கள். சிலைகளுக்குப் படைத்த இறைச்சி சந்தையில் கலந்து விற்கப்பட்ட ஊர் அது. கடையில் விற்பதைத் துருவிக் கேட்காமல் வாங்கிச் சாப்பிடலாம் என்றுதான் பவுல் சொல்கிறார். இந்த இரண்டு அதிகாரமும் இந்தக் கட்டுரை முழுவதற்கும் அடித்தளம்.

குறை எதில் இருக்கிறது?

ஒரு தாளில் மூன்று பிரிவு போட்டுக்கொள்ளுங்கள்.

முதல் பிரிவு, பொருளே தப்பு. ஆபாசப் படம், கருவைக் கலைக்கவென்றே விற்கப்படும் மருந்து போன்றவை. இங்கே கம்பெனி யார் என்ற கேள்வியே எழாது. வாங்கிப் பயன்படுத்துவதே தப்பு. இந்த வழிகாட்டி இவற்றுக்குத் தேவையில்லை.

இரண்டாவது, பொருள் நல்லது, அதைச் செய்த விதம் தப்பு. மலேசியர்களுக்கு இது தூரத்துச் செய்தி அல்ல. 2020 ஜூலையில் அமெரிக்கச் சுங்கத்துறை, கட்டாய உழைப்புக் குற்றச்சாட்டின் பேரில், மலேசியக் கையுறை நிறுவனமான டாப் குளோவின் இரண்டு துணை நிறுவனங்களின் கையுறைகளைத் துறைமுகத்திலேயே நிறுத்தியது. வேலைக்கு வர ஏஜெண்டுக்குக் கட்டிய கடனில் சிக்கிய வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கு 3 கோடி அமெரிக்க டாலருக்கு மேல் திருப்பிக் கொடுக்கப்பட்டது. 2021 செப்டம்பரில் தடை நீங்கியது. 2020-இலேயே தோட்ட நிறுவனங்களான எஃப்.ஜி.வி., சைம் டார்பி பிளாண்டேஷன் ஆகியவற்றின் செம்பனை எண்ணெய்க்கும் இதே போன்ற தடை வந்தது. சைம் டார்பிமீது இருந்தது 2023-இல் நீக்கப்பட்டது. கங்காணி கொடுத்த முன்பணத்தில் கட்டுண்டு கப்பலேறிய தாத்தா பாட்டி கதையைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு ஏஜெண்டுக் கடன் என்றால் என்னவென்று விளக்க வேண்டியதில்லை. இந்தப் பிரிவில் "களவு செய்யாதே" என்ற ஏழாம் கட்டளை நேராகவே வந்து நிற்கிறது. விலை மலிவாக இருப்பதற்கே அந்த அநீதி ஒரு காரணமாகலாம். அப்படியானால் அந்த மலிவில் வாங்குகிறவருக்கும் பங்கு உண்டு.

இதே பிரிவின் கடைக்கோடியில் திருட்டுப் பொருள். பெட்டியும் ரசீதும் இல்லாமல் பாதி விலைக்கு வரும் கைப்பேசியை, திருட்டு என்று தெரிந்தே வாங்கினால் இனிவரும் கேள்விகளுக்கு வேலையில்லை. அது உரியவருக்குத் திரும்பிப் போக வேண்டும். பாவசங்கீர்த்தனம் செய்துவிட்டால் போதும், பொருளை நாமே வைத்துக்கொள்ளலாம் என்பது புதியவர்கள் அடிக்கடி செய்யும் தப்புக் கணக்கு. சட்டப்படியும் குற்றம்தான், தண்டனைச் சட்டத்தின் 411-ஆம் பிரிவு.

மூன்றாவது பிரிவு, பொருளும் நல்லது, செய்முறையிலும் குறையில்லை; ஆனால் கம்பெனி தன் லாபத்தில் கொஞ்சத்தை நீங்கள் எதிர்க்கும் காரியத்துக்குக் கொடுக்கிறது, அல்லது அதன் முதலாளி அதற்காகக் குரல் கொடுக்கிறார். வாட்ஸ்அப் பட்டியல்களில் பெரும்பாலானவை இந்த வகை. கீழே வரும் கேள்விகள் பெரும்பாலும் இதற்கும் இரண்டாவது பிரிவுக்கும்தான்.

உண்மையா என்று பாருங்கள்

கம்பெனிமீது பொய்க் குற்றம் சாட்டுவதும் பொய்ச்சான்று கூடாது என்ற எட்டாம் கட்டளைக்கு எதிரானதே. போதிய ஆதாரமின்றிப் பிறர்மேல் குறையை நம்பிவிடுவதையே திருச்சபையின் மறைக்கல்வி நூல் ஒரு தவறாக எண்ணுகிறது. அந்த நூலின் 2477-ஆம் எண்ணைப் பட்டியல் அனுப்புகிறவருக்குத் திருப்பி அனுப்பலாம். பொய்யான பட்டியலால் அடிபடுவது நியூயார்க்கில் இருக்கும் தலைவர் அல்ல, பட்டர்வொர்த்தில் கவுண்டரில் நிற்கும் பிள்ளை.

நான்கு விவரம் குறித்துக்கொள்ளுங்கள்: கொடுத்தது யார், எந்த ஆண்டு, எவ்வளவு, எந்த வழியாக. "யார்" என்பதில்தான் அதிகம் பிசகுகிறது. தாய் நிறுவனமா, அதன் அறக்கட்டளையா, ஊழியர்கள் தங்கள் சொந்தக் காசில் கொடுத்ததைக் கம்பெனி கணக்கில் சேர்த்துவிட்டார்களா, எப்போதோ விற்றுவிட்ட கிளையா? உள்ளூரில் நடத்துவது யார் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். பங்குச் சந்தையான பர்சா மலேசியாவில் பட்டியலான நிறுவனமென்றால் ஆண்டறிக்கை இலவசமாகவே கிடைக்கும். உரிமையாளர், உரிமத்தொகை, நன்கொடை போன்றவற்றை அதில் தேடிப் பார்க்கலாம். தனியார் செண்டிரியான் பெர்ஹாட் என்றால் எஸ்.எஸ்.எம். என்ற நிறுவனப் பதிவு ஆணையத்தின் தளத்தில் கொஞ்சம் கட்டணம் கட்டி இயக்குநர், பங்குதாரர் விவரம் எடுக்கலாம்.

தோண்டத் தோண்ட என்ன வரும் என்பதற்கு ஓர் உதாரணம். மலேசியாவில் ஸ்டார்பக்ஸ் கடைகளை நடத்தியது பெர்ஜாயா ஃபூட் என்ற உள்ளூர் நிறுவனம். காசா போர் வெடித்த 2023 அக்டோபருக்குப் பிறகு எழுந்த புறக்கணிப்பில் அடிவாங்கி நட்டம் காட்டியதும் அதுதான். அதே பெர்ஜாயா குழுமத்தில்தான் லாட்டரி நிறுவனமான ஸ்போர்ட்ஸ் டோட்டோவும். நாலு நம்பர் எடுப்பதை வெறுக்கும் ஒருவர் இந்த வழியில் போனால் காப்பியை மட்டும் விட்டுப் பயனில்லை, சங்கிலி எங்கெங்கோ இழுத்துக்கொண்டு போகும். (சூதாட்டம் தன்னளவில் அநீதி என்று மறைக்கல்வி சொல்லவில்லை என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். தனக்கோ குடும்பத்துக்கோ அத்தியாவசியமானதைப் பறிக்கும்போதும், ஆளை அடிமையாக்கும்போதும்தான் அது தப்பாகிறது என்பது 2413-ஆம் எண்.)

ஒரு பொருளுக்கு அரைமணி நேரம் செலவிடுங்கள், அதற்கு மேல் வேண்டாம். அந்த அரைமணியில் நம்பத்தக்க ஆதாரம் கையில் வரவில்லையென்றால், வழக்கம்போல் வாங்கலாம். துப்பறிவாளராகும்படி பவுல் கொரிந்தியரைக் கேட்கவில்லை, திருச்சபை உங்களையும் கேட்கவில்லை.

மனம் எங்கே நிற்கிறது?

இறையியலார் இங்கே இரண்டு சொல்லைப் பயன்படுத்துகிறார்கள்: முறைசார் ஒத்துழைப்பு, பொருள்சார் ஒத்துழைப்பு. இந்தப் பாகுபாட்டைத் தெளிவாக வகுத்தவர்களில் 18-ஆம் நூற்றாண்டின் புனித அல்போன்ஸ் லிகோரி முதன்மையானவர். அடுத்தவர் செய்யும் தீமையை நீங்களும் விரும்பினால் அது முறைசார்ந்தது. நீங்கள் விரும்பவில்லை, ஆனால் உங்கள் செயல் எப்படியோ அதற்கு உதவிவிடுகிறது என்றால் பொருள்சார்ந்தது. முன்னது எக்காலத்திலும் கூடாது. பின்னது கூடலாம், கூடாமலும் போகலாம். அதைத் தீர்மானிக்கத்தான் அடுத்த கேள்விகள்.

சோதித்துப் பார்க்க ஒரே கேள்வி போதும்: "இந்தக் கம்பெனி அந்தக் காரியத்துக்கு ஒரு சென்னும் கொடுக்காவிட்டாலும் இதை வாங்குவேனா?" ஆம் என்றால் உங்களுக்கு வேண்டியது சவர்க்காரம்தான், அந்தக் கொள்கை அல்ல. மனத்தளவில் நீங்கள் வெளியே நிற்கிறீர்கள்.

இரண்டு இடத்தில் மட்டும் கவனம். காசு கட்டும்போது "50 சென் நன்கொடை சேர்க்கட்டுமா?" என்று கேட்பார்கள். அந்த 50 சென் சாமானுக்கான விலை அல்ல, நீங்களே நேராகக் கொடுக்கும் நன்கொடை. எந்த அமைப்புக்கு என்று கேளுங்கள். தெரியாது என்று பதில் வந்தால் "வேண்டாம்" என்று சிரித்துக்கொண்டே சொல்லலாம். அதேபோல் "இந்தப் பொருளின் விற்பனையில் 1 வெள்ளி (ஒரு ரிங்கிட், அதாவது 100 சென்) இன்ன அமைப்புக்கு" என்று அட்டையிலேயே அச்சடித்த சிறப்புப் பதிப்பு. பக்கத்தில் சாதாரணப் பதிப்பு அதே விலைக்கு இருக்கும்போது இதை ஏன் எடுக்க வேண்டும்?

எவ்வளவு தூரத்தில் நிற்கிறீர்கள்?

1679-இல் திருத்தந்தை 11ம் இன்னொசென்ட் கண்டனம் செய்த தளர்ந்த கருத்துகளில் ஒன்று ஒரு வேலைக்காரனைப் பற்றியது. எசமான் ஒரு பெண்ணைக் கெடுக்கச் சன்னல் ஏறுகிறான் என்று தெரிந்தே தோள் கொடுக்கிறான், ஏணி பிடிக்கிறான். எசமான் துரத்திவிடுவான் என்பது போன்ற பயத்தில் செய்ததால் அவனுக்குச் சாவான பாவமில்லை என்றார்கள் சிலர். திருச்சபை அதை ஏற்கவில்லை. ஏணி பிடித்தவன் அவ்வளவு பக்கத்தில் நிற்கிறான். ஏணி விற்ற கடைக்காரனோ? அவன் தூரம். கடைக்காரனுக்கு மரம் கொடுத்தவன் இன்னும் தூரம். நீங்கள் ஏணி பிடிக்கிறீர்களா, மரம் விற்கிறீர்களா என்பதுதான் இந்தக் கேள்வி.

காசில் கணக்குப் போட்டால் எளிதில் விளங்கும். அனுமானக் கணக்குதான். காப்பி 15 வெள்ளி. தாய் நிறுவனத்துக்கு உரிமத்தொகை நூற்றுக்கு 6 என்றால் 90 சென். அதில் செலவு போக லாபம் நூற்றுக்கு 20 என்றால் 18 சென். லாபத்தில் நூற்றுக்கு 1 நன்கொடை என்றால் 0.18 சென். அது பத்து அமைப்புகளுக்குப் பிரிந்து, அதில் ஒன்றுதான் நீங்கள் எதிர்ப்பது என்றால் 0.018 சென். ஒரு சென்னை ஐம்பதாக உடைத்து அதில் ஒன்றைக்கூட நீங்கள் கொடுக்கவில்லை. அதுவும் இடையில் நாலைந்து பேர் தங்கள் சொந்த விருப்பத்தில் முடிவெடுத்த பிறகு. மேலே சொன்ன சிறப்புப் பதிப்பில் போனது 100 சென். அதே கடை, அதே காப்பி, தூரம் மட்டும் மாறிவிட்டது.

ஆனால் தொகை சிறிது என்பதற்காகக் கேள்வி முடிந்துவிடாது. ஐந்து லட்சம் பேர் இதே கணக்கைப் போட்டு "எனக்கு ஒன்றுமில்லை" என்றால் மொத்தம் சிறியதல்ல. தூரம் அதிகம் என்றால் வாங்குவதற்குச் சிறு காரணம் போதும் என்று பொருள்; காரணமே வேண்டாம் என்று பொருளல்ல.

இன்னொன்றும் தூரத்தோடு சேர்த்தி: நீங்கள் இல்லாவிட்டால் அந்தக் காரியம் நின்றுவிடுமா? ஒரு குடும்பம் சவர்க்காரத்தை மாற்றினால் எதுவும் நிற்காது. பங்குத் திருவிழாவுக்கு ஆயிரக்கணக்கில் தண்ணீர்ப் புட்டி வாங்கும் குழுவோ, பள்ளிச் சிற்றுண்டிச்சாலைக்கு மொத்தமாக எடுப்பவரோ கொஞ்சம் பக்கத்தில் நிற்கிறார்.

வாங்க என்ன காரணம்?

தராசு மாதிரி. ஒரு தட்டில் தீமையின் கனமும் உங்கள் நெருக்கமும். மறு தட்டில் வாங்காவிட்டால் வரும் இழப்பு. ஒரு பக்கம் கூடக்கூட மறுபக்கமும் கூட வேண்டும்.

மருந்தும் குழந்தை உணவும் கனமான காரணம். மலேசியாவில் பிள்ளைகளுக்கு 9 மாதத்திலும் 12 மாதத்திலும் எம்.எம்.ஆர். தடுப்பூசி போடுகிறார்கள். அதில் உள்ள ருபெல்லா கிருமி, 1960-களில் கலைக்கப்பட்ட கருவிலிருந்து எடுத்து வளர்த்த உயிரணு வரிசையில் பெருக்கப்படுவது. புதுப் பெற்றோர் இதைக் கேள்விப்பட்டுப் பதறுவதுண்டு. 2008-இல் வத்திக்கானின் விசுவாசக் கோட்பாட்டுப் பேராயம் பெற்றோருக்குச் சொன்னது: பிள்ளையின் உடல்நலத்துக்கு ஆபத்து என்ற கனமான காரணம் இருக்கும்போது பயன்படுத்தலாம், அதே நேரத்தில் தங்கள் மறுப்பைத் தெரிவித்து வேறு தடுப்பூசி கேட்பது எல்லாருடைய கடமை. கோவிட் தடுப்பூசிக்கு 2020 டிசம்பர் 21-இல் வந்த குறிப்பும் அதே வழியில்தான் போனது: மாற்று இல்லாத இடத்தில் போட்டுக்கொள்ளலாம், ஒத்துழைப்பு வெகுதூரம், போட்டுக்கொண்டதால் கருக்கலைப்பை ஏற்றதாகாது. போட்டுக்கொள், ஆனால் சொல்லிவிடு. இந்த இரண்டாம் பாதியை யாரும் நினைவில் வைப்பதில்லை.

மளிகைச் சாமானில் சாதாரணக் காரணங்களே போதும்: விலை, பக்கத்துக் கடையில் கிடைப்பது இதுதான், பிள்ளைக்கு ஒத்துக்கொள்வது இதுதான். மாதச் சம்பளத்தில் பிடி இறுகியிருக்கும் குடும்பத்துக்கு 3 வெள்ளி வித்தியாசமும் காரணம்தான். வசதி உள்ளவர் அதே 3 வெள்ளியைக் காரணமாகக் காட்டும்போது தராசு கொஞ்சம் சாயும்.

இரண்டாம் பிரிவுக்கு, அதாவது செய்த விதம் தப்பான பொருளுக்கு, காரணம் இன்னும் பலமாக இருக்க வேண்டும். மாற்றைத் தேடவும் வேண்டும். செம்பனை எண்ணெய் கலந்த பொருள்களில் நிலைத்த முறையில் செய்த செம்பனை எண்ணெய்க்கான ஆர்.எஸ்.பி.ஓ. முத்திரை இருக்கிறதா என்று பார்க்கலாம். 2004-இல் தொடங்கிய அந்த அமைப்பின் செயலகம் கோலாலம்பூரிலேயே இருக்கிறது. முத்திரை இருந்தால் எல்லாம் சுத்தம் என்று எண்ண வேண்டாம். முறைப்பாடு செய்ய ஒரு வாசல் இருக்கிறது என்ற அளவுக்கு நம்பலாம்.

துர்மாதிரிகை

பழைய ஞானோபதேசப் புத்தகத்தின் இந்தச் சொல்லை இப்போது "இடறல்" என்கிறோம். உங்கள் செயலைப் பார்த்து இன்னொருவர் பாவத்துக்குப் போவது. பவுலின் கடைசி நிபந்தனை இதுதான். நீங்களாகக் கேட்க வேண்டாம். ஆனால் பக்கத்தில் இருப்பவர் "இது படைத்த இறைச்சி" என்று சொன்னால், அவர் மனச்சான்றுக்காகச் சாப்பிடாதீர்கள்.

நடைமுறையில் இது வீட்டுச் சாமானைவிட வெளியே தெரியும் காரியங்களில்தான் வரும். மறைக்கல்வி ஆசிரியர் சர்ச்சைக்குரிய சின்னம் போட்ட சட்டையோடு வகுப்புக்கு வருவது. பங்குத் திருவிழாவுக்கு நன்கொடை கொடுத்த கம்பெனியின் பதாகையைக் கோயில் வாசலில் கட்டுவது. புக்கிட் மெர்தாஜாம் புனித அன்னாள் திருவிழா மாதிரி பல ஊர் மக்கள் கூடும் இடத்தில் பதாகை என்பது வெறும் நன்றி அறிவிப்பு அல்ல, பார்ப்பவருக்கு அது ஒப்புதல். காசை வாங்குவதும் பெயரைத் தூக்கிக் காட்டுவதும் வேறு வேறு.

யாருக்கும் தெரியாத இடத்தில் வாங்கும் பிஸ்கட்டுக்கு இந்தக் கேள்வி பொருந்தாது. எதற்கெடுத்தாலும் "பார்ப்பவர் என்ன நினைப்பார்" என்பது துர்மாதிரிகை அல்ல, ஊர்வாய்ப் பயம்.

முடிவெடுத்த பிறகு

நாலில் ஒன்று வரும்: கவலையின்றி வாங்கலாம், வாங்கிக்கொண்டு எழுதலாம், குறைக்கலாம், நிறுத்தலாம். மூன்றாம் பிரிவில் பெரும்பாலும் முதல் மூன்றில் ஒன்றுதான் வரும். நிறுத்துவது நல்ல காரியமாக இருக்கலாம், ஆனால் எல்லாருக்கும் கடமை அல்ல. பங்குத்தந்தையே "நான் இதை வாங்குவதில்லை" என்றாலும் அது அவர் தேர்வு.

நிறுத்துவதாக இருந்தால் ஒரே நேரத்தில் மூன்று பொருளுக்கு மேல் வேண்டாம். அறுபதையும் நிறுத்துகிறேன் என்று கிளம்புகிறவர்கள் இரண்டாவது வாரத்தில் களைத்து, மூன்றாவது வாரத்தில் எதையும் பார்க்காமல் அள்ளிப் போடுவார்கள். மூன்று பொருள், 90 நாள். ஒவ்வொன்றுக்கும் மாற்று என்ன, விலை வித்தியாசம் எவ்வளவு என்று முதல் நாளே எழுதிவிடுங்கள். மாற்றுப் பொருளின் கம்பெனியையும் அதே அரைமணி நேரச் சோதனைக்கு விடுங்கள். இதை மறப்பதால்தான் பலர் சின்னக் குறையை விட்டுப் பெரிய குறைக்குப் போய்ச் சேர்கிறார்கள்.

சொல்லாமல் நிறுத்தினால் கம்பெனிக்கு அது விற்பனை ஏற்ற இறக்கம், அவ்வளவுதான். கடிதம் எழுதுங்கள். மலாயிலோ ஆங்கிலத்திலோ எட்டு வரி போதும். எத்தனை ஆண்டாக எதை வாங்கினீர்கள். எந்த ஆண்டில் எந்தச் செயல் உங்களை உறுத்துகிறது. எது மாறினால் திரும்ப வாங்குவீர்கள். இந்தக் கடைசி வரிதான் கடிதத்தின் உயிர். உள்ளூர் நிறுவனத்துக்கு அனுப்பி, தாய் நிறுவனத்துக்குப் படி வையுங்கள். "கடவுள் தண்டிப்பார்" என்று எழுதினால் கடிதம் குப்பைக்குப் போகும்.

நிபந்தனை தெளிவாக இருந்த புறக்கணிப்பு எப்படி இருக்கும் என்று பார்க்க நெஸ்லே வரலாறு உதவும். குழந்தைப் பால்மாவை ஏழை நாடுகளில் விற்ற விதத்தை எதிர்த்து 1977-இல் அமெரிக்காவில் தொடங்கியது. 1981-இல் உலகச் சுகாதார நிறுவனம் தாய்ப்பாலுக்கு மாற்றாக விற்கும் உணவுகளுக்கு நெறிமுறை வகுத்தது. அதைப் பின்பற்றுவதாகக் கம்பெனி ஒப்புக்கொண்டதும் 1984-இல் புறக்கணிப்பை நிறுத்தினார்கள். வாக்கு மீறப்பட்டதாகக் கூறி 1988-இல் மறுபடி தொடங்கினார்கள். அந்த நெறிமுறையைக் கண்காணிக்கும் பன்னாட்டு வலையமைப்பின் ஆவண மையம் பினாங்கில்தான் வேலை செய்தது. பினாங்கு பயனீட்டாளர் சங்கத்தைப் பார்த்து வளர்ந்த ஊருக்கு இந்தப் பாடம் புதிதல்ல: குறி ஒன்று, கோரிக்கை ஒன்று, முடியும் இடமும் தெரிய வேண்டும். வாட்ஸ்அப் பட்டியல்களில் இந்த மூன்றும் இருப்பதில்லை.

பாவசங்கீர்த்தனத்தில் என்ன சொல்வது? தெரியாமல் வாங்கியதைச் சொல்ல வேண்டியதில்லை, அது பாவமே அல்ல. கேள்விகளைக் கடந்து நியாயமான காரணத்தோடு வாங்கியதும் அப்படியே. தீமை வளரட்டும் என்று விரும்பிக் கொடுத்ததையும், திருட்டு என்று தெரிந்தே வாங்கியதையும், ஆதாரமின்றி ஒரு கடையைப் பற்றிப் பரப்பியதையும் சொல்லுங்கள். கருக்கலைப்புக்கு உரிய சபைநீக்கத் தண்டனை நமக்கும் வருமோ என்று பயப்படுகிறவர்கள் உண்டு. திருச்சபைச் சட்டம் 1397-இன் இரண்டாம் பத்தி பேசுவது கருக்கலைப்பை நிகழ்த்தியவரைப் பற்றி, பற்பசை வாங்கியவரைப் பற்றி அல்ல. வாராவாரம் இதே சஞ்சலம் வந்துகொண்டிருந்தால் ஒரே ஃபாதரிடம் தொடர்ந்து போங்கள், அவர் சொன்னதோடு விட்டுவிடுங்கள். பத்துப் பேரைக் கேட்டால் பத்துச் சஞ்சலம்.

வேலை, கம்பெனிப் பங்கு, கே.டபிள்யூ.எஸ்.பி.

வாங்குவதைவிட நெருக்கமானவை வேலையும் முதலீடும், ஆனால் இவற்றைப் பற்றிக் கேட்பவர் குறைவு.

பாயான் லெப்பாஸ் ஆலையில் சில்லுப் பொருத்தும் தொழிலாளி, அந்தக் கம்பெனியின் நன்கொடைக்குப் பொறுப்பாளி அல்ல. மருத்துவமனையில் கணக்கெழுதுகிறவரும் தூரம்தான். கருக்கலைப்பு அறைக்குள் கருவி எடுத்துக் கொடுக்கும் தாதியின் நிலை வேறு. அது ஏணி பிடிப்பது. அங்கே சம்பளம் போதுமான காரணம் ஆகாது. எழுத்தில் விலக்குக் கேட்க வேண்டும். கேட்குமுன் பங்குத்தந்தையிடமும் மேலாளரிடமும் பேசிவிடுவது நல்லது.

கம்பெனியில் பங்கு வைத்திருப்பவர் வாடிக்கையாளர் அல்ல, உரிமையாளர். ஆகவே காரணமும் பலமாக வேண்டும். கே.டபிள்யூ.எஸ்.பி. என்ற ஊழியர் சேமநிதியில் 2017 முதல், இஸ்லாமிய நெறிப்படி முதலீடு செய்யும் சிம்பானான் ஷரியா என்ற தேர்வு இருக்கிறது, முஸ்லிம் அல்லாதவரும் சேரலாம். சூது, மது, புகையிலை வேண்டாமென்றால் அது ஒரு சல்லடை. ஆனால் அது நம் சல்லடை அல்ல. பன்றி இறைச்சியையும் வழக்கமான வங்கியையும் அது தள்ளுகிறது, நமக்கு அவை பாவமில்லை. கருத்தடை, கருக்கலைப்பு, கரு உயிரணு ஆராய்ச்சி ஆகியவை அதன் அளவுகோலில் பெயர் சொல்லிக் குறிக்கப்படவில்லை. மாறுவதானால் பிறகு திரும்ப முடியுமா என்று கவுண்டரில் கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். தனியாகப் பங்கு வாங்குகிறவர்களுக்குப் பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் பங்கு ஆணையத்தின் ஷரியா பட்டியல் மே மாதமும் நவம்பர் மாதமும் வெளிவருகிறது. அதை முதல் வடிகட்டியாக வைத்து, மருந்து, மருத்துவமனைத் துறைகளை மட்டும் ஆண்டறிக்கையில் தனியாகப் பாருங்கள்.

யூனிட் டிரஸ்டில் ஓட்டு உங்களிடம் இல்லை, நிதியை நடத்துகிறவரிடம் இருக்கிறது. நேரடிப் பங்கில் அது உங்கள் கையில். 1976-இல் அமெரிக்காவில் விலைமதிப்பற்ற இரத்தச் சபைச் சகோதரிகள், தாங்கள் பங்கு வைத்திருந்த பிரிஸ்டல் மயர்ஸ் கம்பெனியைப் பால்மா விற்பனை விவகாரத்தில் நீதிமன்றத்துக்கு இழுத்தது பங்குதாரர்களாகத்தான். பர்சாவில் ஒரு லாட் என்பது 100 பங்கு. அதை வைத்திருப்பவருக்கு ஆண்டுப் பொதுக்கூட்ட அறிவிப்பு வரும், கேள்வி கேட்கும் உரிமையும் உண்டு. கேள்வியைக் கூட்டத்துக்கு முன்பே எழுத்தில் அனுப்புங்கள்; நன்கொடைப் பட்டியல் ஆண்டறிக்கையின் எத்தனையாவது பக்கத்தில் இருக்கிறது என்பதையும் அதில் குறிப்பிடுங்கள்.